வனவாசம் முடிந்த அரசன்

வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று தெருவில் நின்றது. அந்த வாசனை என்னைத் திருவிடைமருதூர் பக்கம் இருந்த எங்கள் களத்துக்கு இழுத்துப் போனது.

கோடை விடுமுறைக்கு வரும் சித்தப்பா மகன் சேகர்தான் அங்கே எனக்கு ஒரே கூட்டாளி, ஒரே பகைவன். வைக்கோல் போர்தான் சிம்மாசனம். ஒரு நாள் விளையாட்டில் அவன் என் நாட்டைப் பறித்துக்கொண்டு என்னைக் காய்ந்த வாய்க்காலுக்கு விரட்டிவிட்டான். மாடு கறக்கும் வரை வனவாசம், பிறகுதான் பழிவாங்கலாம். நடுவில் வாயைத் திறந்தால் மந்திரவாதியின் சாபத்தால் தவளையாகிவிடுவேன். விதிகளை வகுத்தவன் நானே. நானே விதி போட்டு நானே மாட்டிக்கொள்ளும் புத்தி அப்போதே எனக்கு.

"டேய் ரவி, சேகர் ஊருக்குக் கிளம்புறான்டா, வா!" என்று அம்மா கத்தினாள். பகைவனின் சூழ்ச்சி என்று அசையாமல் படுத்திருந்தேன்.

"அண்ணே, நெசமாத்தான்! பஸ் வந்துருச்சு!" என்ற சேகரின் குரல் உடைந்தது. நன்றாக நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடு கறந்ததும் பனைமட்டை வாளோடு சிம்மாசனத்தில் ஏறினேன். யாருமில்லை. சித்தப்பாவுக்கு டெல்லிக்கு வேலை மாற்றல் என்று அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் எந்தக் கோடையிலும் வரவில்லை. அன்று போரின் உச்சியிலிருந்து என் நாடு முழுவதும் தெரிந்தது. அதைப் பறிக்கத்தான் ஆளில்லை.

"வழியில நிக்கிறீங்களே சார், யாராச்சும் வரணுமா?" என்றார் டிராக்டர்க்காரர்.

"இல்லப்பா" என்று ஒதுங்கி நின்றேன்.