தேய்ந்த பெடல்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பிரேக் மாஸ்டர். மீதிப் பேர் அவரிடம் கற்றுக்கொள்ளப் போய்ப் பாதியில் ஓடியவர்கள். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு என்று வைத்தது. மாஸ்டருக்கோ எதிரே ஒரு நாய் கொட்டாவி விட்டாலும் ஆபத்துதான். "இரு, இரு!" என்பார், அதற்குள் கால் அழுத்திவிடும், வண்டி குலுங்கி நிற்கும்.

வீட்டில் பெடல் இல்லை, வாய் இருந்தது. மனைவி, "அடுப்படி ஜன்னல்ல..." என்று ஆரம்பித்தால், "இரு, இரு. கொக்கி கழண்டுருச்சு, அதானே?" என்பார். கொக்கி நன்றாகத்தான் இருக்கும். அவள் சொல்ல வந்தது என்ன என்று அந்த ஜன்னலுக்குத்தான் வெளிச்சம். இருபத்தாறு வருஷம் இப்படியே. தான் இல்லாவிட்டால் உலகம் போய் மரத்தில் மோதிவிடும் என்று மனிதர் மனதார நம்பினார்.

போன மாதம் கார் சர்வீஸுக்குப் போனது. மெக்கானிக் இரண்டு பெடல்களின் ரப்பரையும் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

"மாஸ்டர், ஓட்டுறவங்க பக்கத்து ரப்பர் வரி வரியா புதுசாட்டம் இருக்கு. உங்க பக்கம் வழுக்கைத் தலை கணக்கா ஆயிருச்சு. உண்மையைச் சொல்லுங்க, வண்டிய ஓட்டுறது யாரு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. தேய்ந்த ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். இன்றைக்கு மனைவி பேசட்டும், முழுசாகப் பேசட்டும்.

அன்று அவள், மகள் வீட்டுக்குக் கிளம்பும் நாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் பெட்டிக்குள் பழைய மூக்குக்கண்ணாடியும் தையல் டப்பாவும் அவளுடைய தலையணையும்கூட ஏறியிருந்தன.

"நான் என்ன நினைச்சேன்னா..." என்றாள். நின்றாள்.

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு, "சொல்லும்மா" என்றார்.

"நீங்க இரு இருன்னு சொல்லுவீங்கன்னு நானே நின்னுட்டேன்."

"இனிமே சொல்லமாட்டேன். நீ சொல்லு."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"என்ன சொல்ல வந்தேன்னு தெரியலங்க. அந்த இடத்துல நின்னே பழகிருச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஏதோ தன் தப்பு மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. கீழே நின்ற மாஸ்டர், தன் கால் தரையை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அன்றுதான் பார்த்தார். காலை எடுத்தார்.

பேருந்து போயிற்று. எடுக்காவிட்டாலும் போயிருக்கும்.