கேஸ் போடாத வேடியப்பன்

எங்கள் ஊரில் ஏசி குளிரவில்லை என்றால் அதற்கு ஒரே ஒரு வியாதிதான்: கேஸ் கம்மி. ஏசியைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்து விடுதி மூர்த்தி போனிலேயே சொல்லிவிடுவார். மெக்கானிக் வந்து, சிலிண்டரைத் திறந்து, புஸ்ஸென்று ஒரு சத்தம் காட்டிவிட்டுப் போனால்தான் ஜனங்களுக்கு மனசு ஆறும். கேஸ் போடாமல் போகிற மெக்கானிக், ஊசி போடாத டாக்டர் மாதிரி. அவன் எதற்கு வந்தான் என்று கேட்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் வேடியப்பன் என்று ஒரு மெக்கானிக். அடி அண்ணாமலை கிராமத்துக்காரன். பத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் எட்டு வீட்டில் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி மாட்டிவிட்டு, "கேஸ் சரியாத்தான் இருக்கு, எதுக்குப் போடணும்?" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவான். 'கேஸ் போடாத வேடியப்பன்' என்றுதான் செங்கம் ரோடு முழுக்க அவனுக்குப் பெயர். கேலியாக வைத்த பெயர். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டான்.

நான் ஆதிலட்சுமி. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டி, சூப்பரின்டெண்டென்ட்டாக ஓய்வு பெற்றவள். அடுத்தவர் கோப்பில் தப்பு கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு ரமணாசிரமம் பக்கம் இருக்கிற எங்கள் பழைய வீட்டை நாலு அறை, ஒரு கூடம் என்று ஒழுங்குபண்ணி விருந்தினர்களுக்கு விடுகிறோம். வேடியப்பனுக்கு நாற்பத்திரண்டு வயசு, என் கடைசித் தம்பி வயசு. அவன் இவன் என்றுதான் வாயில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் வந்து தங்குகிறவர்கள் கண்ணை மூடி உட்காருகிற கூட்டம். சுவரில் ஒரு பெட்டி உர்ரென்றால் அவர்களுக்கு ஆகாது. அதனால் ஒரு சென்னை கம்பெனியில் புது மாதிரி ஒன்றை வாங்கினோம். சீலிங்குக்கு மேலே ஒரே ஒரு பெட்டி, அதற்குள் காற்றைக் குளிர்விக்கிற காயில். அதிலிருந்து மணிக்கட்டு தடிமனில் குழாய்கள் எல்லா அறைக்கும் ஓடும். அறைக்கு மூன்று, கூடத்துக்கு நாலு என்று, சீலிங்கில் டபரா வாய் அளவுக்கு வட்ட ஓட்டைகள், மொத்தம் பதினாறு. சத்தமில்லாமல் அதன் வழியாகக் காற்று வரும். சித்திரையில் குளிர்ச்சி, மார்கழி விடியலில் அதே ஓட்டையில் வெதுவெதுப்பு.

அந்தக் கம்பெனி வேடியப்பனைக் கூப்பிட்டு ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருந்தது. முதல் வேலை எங்கள் வீடு. முப்பது நாள் பழுதில்லாமல் ஓடியது என்று வீட்டு உரிமையாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால், இந்த மாவட்டத்துக்கு அவன்தான் அந்தக் கம்பெனியின் ஆள். போடாவிட்டால் சென்னையிலிருந்து வேறு ஆள் வருவான். இவன் பழையபடி ஃபில்டர் கழுவ வேண்டியதுதான். வேலை ஆரம்பித்த அன்றைக்கே அதை என்னிடம் சொன்னான். "இருவது வருசமா அடுத்தவங்க பேர்லயே வேலை செஞ்சிட்டேம்மா. இது என் பேர்ல." சொல்லும்போது அவன் காது சிவந்துபோனது.

அவன் வேலை செய்த அழகு இருக்கிறதே, என் ஆபீஸில் அப்படி ஒருத்தன் இருந்திருந்தால் நான் இரண்டு புரமோஷன் சிபாரிசு செய்திருப்பேன். செம்புக் குழாயைக் காயிலோடு பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் உள்பக்கம் கரி பிடித்து, பிற்பாடு உதிர்ந்து அடைத்துக்கொள்ளுமாம்.

"உள்ள யாருப்பா பாக்கப் போறா?" என்றேன்.

"காயில் பாக்கும்மா" என்றான்.

பிறகு குழாயில் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச ஒரு பம்பை மாட்டிவிட்டு, மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டான். வேலைக்கு வந்த ஆள் சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பொறுக்காது. அவனோ மனைவி ரேவதி கொடுத்தனுப்பிய வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், பிரித்து, என் வீட்டுக்காரர் முருகையனுக்கும் ஒரு கை கொடுத்து, தோலுரித்துத் தின்றுகொண்டு பம்பு ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஏதோ கச்சேரிக்கு வந்த மாதிரி.

"எழுந்து வேற ஏதாவது செய்யேன்பா."

"இதான்மா வேலை. காத்திருக்கிறதுதான் பாதி வேலை. அவசரப்பட்டா ஈரம் உள்ளயே தங்கிடும்."

அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கடைசியில் கேஸ். சிலிண்டரைத் தராசின் மேல் தலைகீழாக வைத்தான். குழாயின் நீளத்தை டேப்பால் அளந்து, மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்குப் போட்டிருந்தான். "நீங்க படிங்கம்மா, நான் எழுதிக்கிறேன். ரெண்டு பேர் பாத்தா தப்பு வராது" என்றான். நான்தான் படித்தேன். இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது கிராம். நோட்டில் எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதிக்கொண்டான்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மூர்த்தி, கேஸ் அழுத்தம் காட்டுகிற கேஜை எட்டிப் பார்த்துவிட்டு, "முள்ளு கம்மியா காட்டுதே, இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா" என்றார்.

"இது அப்பிடித்தாங்க காட்டும். இந்த காயில்ல காத்து கம்மியா, வேகமாப் போவும். மத்த ஏசி கணக்குல கேஸ ஏத்தினா கம்ப்ரசர் போயிடும்" என்றான் வேடியப்பன். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒண்ணே ஒண்ணும்மா. இந்தப் பதினாறு ஓட்டைல ஒண்ணைக்கூட அடைக்காதீங்க. காத்து கம்மியானா காயில்ல ஐஸ் கட்டிடும்."

மூர்த்தி முன்னால் வைத்து எனக்குப் பாடம். "நான் எதுக்குப்பா அடைக்கப் போறேன்?" என்று வெடுக்கென்று சொன்னேன்.

மூன்று வாரம் தேன் மாதிரி ஓடியது. சித்திரை பிறந்தது. இரண்டு அறைகளில் ஆள் இல்லை. பூட்டியிருந்த அறைக்குள் குளிர்ந்த காற்று ஜிலுஜிலுவென்று கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அணைக்க மாட்டோமா? ஆபீஸில் நான் கடந்து போனால் பின்னாலேயே லைட் அணையும் என்று ஊருக்கே தெரியும். ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போன நீலக் காட்டன் சேலை ஒன்றைக் கிழித்து, உருண்டையாகச் சுருட்டி, ஸ்டூல் மேல் ஏறி, ஆறு ஓட்டையிலும் இறுக்கி அடைத்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் வேணாம்னு சொன்னானே, லட்சுமி."

"அவன் சொல்லுவான். பில்லு அவனா கட்டுறான்?"

இரண்டாம் நாள் மத்தியானம் கூடத்துச் சீலிங்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குளிர் சுத்தமாக நின்றுவிட்டது. மூர்த்தி வந்தார், அண்ணாந்து பார்த்தார், "கேஸ் கம்மி" என்றார். வேடியப்பன் அரை மணியில் வந்து பெட்டியைத் திறந்தான். காயில் முழுக்க வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது.

ஐஸ் உருகட்டும் என்று மிஷினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, என்னைப் பார்த்துக் கேட்டான். "ஓட்டை எல்லாம் தெறந்துதானம்மா இருக்கு?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். ஆறு துணி உருண்டைக்காக இவ்வளவு பெரிய மிஷின் நின்றுவிடுமா என்று ஒரு எண்ணம். மூர்த்தி பக்கத்திலேயே நிற்கிறாரே என்று இன்னொரு எண்ணம். "தெறந்துதான் இருக்கு. நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வேடியப்பன் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டிய அறைகளின் சாவியையும் கேட்கவில்லை. நான் சொல்லிவிட்டேன், அவனுக்கு அது போதும்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஃபில்டரைப் பார்த்தான், சுத்தம். ஃபேனைப் பார்த்தான், நன்றாகச் சுற்றியது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தான், ஒரு குமிழி இல்லை. மிஷினை ஓட்டினால் மறுபடியும் ஐஸ். கேஜில் முள் முன்னைவிட இறங்கித்தான் நின்றது. தராசு தப்பு காட்டியிருக்குமோ என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், அரிசி மண்டியில் படிக்கல்லை வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறான். கிராம் பிசகவில்லை. மறுநாள் சீலிங்குக்கு மேலே தவழ்ந்து போய்க் குழாயைத் திரும்ப டேப்பால் அளந்தான். சித்திரை வெயிலில் அந்த இடம் அடுப்பு மாதிரி இருக்கும். சட்டை பிழிகிற ஈரத்தோடு இறங்கி வந்து, "நீளமும் சரியாத்தான் இருக்கு" என்றான். அவன் கொண்டுவந்த மல்லாட்டைப் பொட்டலம் பிரிக்காமலே ஜன்னலில் கிடந்தது.

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் எனக்கே தெரிந்துபோயிற்று, துணிதான் காரணம் என்று. அவன் போனதும் சத்தமில்லாமல் துணியை உருவிவிடலாம், மிஷின் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது என்று திட்டம்கூடப் போட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸ் அந்த மாதிரி சாமர்த்தியத்தை எல்லாம் நன்றாகவே கற்றுக்கொடுத்திருந்தது.

ஆனால் அவன் போகவில்லை. ஸ்கூட்டரிலிருந்து சிலிண்டரை எடுத்துவந்தான்.

மூர்த்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல? போடு போடு, ஒரு அரை கிலோ போடு."

வேடியப்பன் சிலிண்டரைத் தராசில் தலைகீழாக வைத்தான். ஹோஸை மாட்டினான். பை‌யிலிருந்து அந்தக் கம்பெனிப் படிவத்தை எடுத்து, நாலாக மடித்து, என் வீட்டுக்காரரிடம் கொடுத்தான்.

"இது வேணாம் சார். கிழிச்சிப் போட்ருங்க. எனக்கு இந்த வேலை இன்னும் வரலைனு கம்பெனிக்கு நானே சொல்லிட்றேன்."

இருபது வருஷமாகத் தேவையில்லாமல் ஒரு கிராம் கேஸ் போடாதவன். ஊரே கேலி பண்ணியபோது சிரித்தவன். வால்வைத் திறக்க விரலை வைத்தான். நான் பார்த்தேன்.

"வேடியப்பா! கைய எடு!"

நான் போட்ட கூச்சலில் மூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கேஸ் சரியாத்தான் இருக்கு. நான்தான் அடைச்சேன். ஆறு ஓட்டை. நீ கேட்டப்போ பொய் சொன்னேன்."

சாவியை எடுத்துக்கொண்டு நானே முன்னால் நடந்தேன். இரண்டு அறைகளையும் திறந்ததும் அவன் ஸ்டூலில் ஏறி, ஒவ்வொன்றாக உருவினான். நீலச் சேலைத் துணி உருண்டைகள் கட்டிலுக்கு மூன்றாக, ஆறும் வந்து விழுந்தன. அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துண்டால் துடைத்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நிஜமான சிரிப்பு, தோள் குலுங்க.

"அப்ப நான் கரெக்டாத்தான் போட்ருக்கேன்!" என்றான். "ரெண்டு நாளா மண்டைய ஒடைச்சிக்கினேம்மா. தராசு சரியா இருக்கு. டேப்பு சரியா இருக்கு. அம்மா பொய் சொல்ல மாட்டாங்க. அப்ப நான்தான தப்பா இருக்கணும்?"

அவன் குத்திக்காட்டவே இல்லை. கணக்கைச் சொல்வது போலத்தான் சொன்னான்.

சாயங்காலத்துக்குள் காயில் காய்ந்து, பதினாறு ஓட்டையிலும் குளிர்ந்த காற்று வந்துவிட்டது. ஜன்னலில் கிடந்த பொட்டலத்தை என் வீட்டுக்காரர் பிரித்தார். மூர்த்திக்கும் ஒரு கை மல்லாட்டை கிடைத்தது. முப்பதாம் நாள் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையெழுத்துக்கு மேலே 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. எத்தனையோ பேர் மேல் எத்தனையோ குறிப்பு எழுதிய கைதான், அன்றைக்கு நேரம் பிடித்தது.

'இடையில் இரண்டு நாள் இயந்திரம் நின்றது. காற்றுத் துளைகள் ஆறினை வீட்டு உரிமையாளர் துணியால் அடைத்துவிட்டு, அடைக்கவில்லை என்று பொய் சொன்னதே காரணம். நிரப்பிய கேஸ் ஒரு கிராமும் கூடுதல் குறைவின்றிச் சரியாக இருந்தது.'

வேடியப்பன் எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தான். காது மறுபடியும் சிவந்தது.

"அந்தப் பொய்யின்ற வார்த்தைய மட்டும் அடிச்சிடுங்களேம்மா. கம்பெனில படிப்பாங்க."

"படிக்கட்டும்" என்று சொல்லி, கீழே என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.