யாருடைய உபயம்?

எங்கள் வீட்டு ஆண்கள் திட்டிய திட்டு அந்தக் கம்பெனியின் காதில் விழுந்திருந்தால் கடையை இழுத்து மூடிக்கொண்டு போயிருப்பார்கள். பல ஊர்களில் இருப்பவர்கள் செல்போனில் ஒரே நேரத்தில் முகம் பார்த்துப் பேச வழி செய்து கொடுத்த கம்பெனி அது. ஊரடங்கில் எவ்வளவு நேரம் பேசினாலும் இலவசம் என்றார்கள். ஒரு நாள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டுமானால் மாதக் கட்டணம் என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது.

"ஓசியில பழக்கிவிட்டுட்டு இப்போ கழுத்தைப் பிடிக்கறான் பாரு" என்றார் பெரியப்பா. அன்றைக்கு எனக்கும் அதே கோபம்தான்.

திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம் எங்களுடையது. பெருமாள் முன் உட்கார்ந்து பாசுரம் சேவிக்கும், அதாவது சேர்ந்து ஓதும், கோஷ்டியில் எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தலைமுறையாக இடம் உண்டு. நான் அம்மாவோடு கும்மிடிப்பூண்டியில் தங்கி ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்ப்பதால் விடுமுறை நாட்களில் மட்டும் போய் உட்காருவேன். கோயில் கதவு சாத்தியதும் பெரியப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் செல்போனிலேயே கோஷ்டி கூடட்டும் என்றார். திருப்பாச்சூர், பெங்களூர், அமெரிக்கா என்று சிதறிக் கிடந்த சொந்தமெல்லாம் கட்டம் கட்டமாகத் திரையில் வந்து உட்கார்ந்தது.

என் அம்மா அந்தக் கட்டத்துக்குள் வந்தது தற்செயல். கோயில் கோஷ்டியில் பெண்கள் சேர்ந்து சேவிப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பின்னால் நின்று கேட்கலாம், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பாசுரமெல்லாம் சின்ன வயதிலேயே பாடம். ஆனாலும் வாழ்நாள் முழுக்க அவளுடைய இடம் தளிகை உள் என்கிற சமையலறைதான். ஒரு நாள் நான் ஷிப்டில் மாட்டிக்கொண்டேன். பையன் வரவில்லை என்று சொல்வதற்காக அம்மா போனை எடுத்திருக்கிறாள்.

"அவன் இல்லேன்னா என்னம்மா? நீ உக்காரு. கட்டம் காலியா இருக்க வேண்டாம்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அது அம்மாவின் கட்டம். சமையலைச் சீக்கிரமே முடித்து, துவைத்து உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, செல்போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துக் காத்திருப்பாள். பாதி வார்த்தை பின்தங்கித்தான் சேவிப்பாள். கொஞ்சம் நெட்வொர்க், மீதி அம்மா. குரலும் தேவைக்கு மேல் ஓங்கித்தான் இருக்கும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போதே அந்தக் குரல் கேட்கும். அப்பா போன பிறகு அம்மா அவ்வளவு சத்தமாக எதுவும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அத்தனை சந்தோஷமாக இருக்கும்.

எங்கள் கோஷ்டி முடிய ஒரு மணி நேரமாகும். கடைசிப் பாசுரங்களை எல்லோரும் சேர்ந்து இரண்டு முறை சொல்வதற்குச் சாற்றுமுறை என்று பெயர். அது ஆகாமல் எழுந்திருக்கக் கூடாது. கட்டணம் வந்த அன்று சரியாக அதற்குக் கொஞ்சம் முன்னால் திரை அணைந்துவிட்டது. எல்லோரும் எல்லோருக்கும் போன் அடித்துப் பதறினார்கள். மறுபடி உள்ளே வரச் சொன்னால் பாதிப் பேருக்கு வரத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி வேகவேகமாகச் சேவித்தார்கள். அம்மாவால் ஓட முடியவில்லை. இரண்டு அடி பின்னால் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு வருவாள்.

அமெரிக்காவிலிருக்கும் அத்தையின் கணவர், எங்கள் அத்திம்பேர், "நான் கட்டிடறேன், இதெல்லாம் ஒரு காசா?" என்றார். தீர்ந்தது பிரச்சினை என்று நான் நினைத்தேன். பெரியப்பா எனக்குப் போன் செய்தார்.

"அவன் கட்டினா அது அவன் உபயம்னு ஆயிடும். அப்புறம் முதல் தீர்த்தம் அவனுக்கா?"

எங்கள் கோயிலில் ஒரு நாளின் செலவை யார் ஏற்கிறார்களோ அவர்தான் உபயதாரர். முதல் மரியாதை அவருக்கு.

"செல்போன்ல ஏது பெரியப்பா தீர்த்தம்?" என்றேன்.

"தீர்த்தம் இல்லேன்னா என்ன? மரியாதைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

பிறகு பெரியப்பா தானே கட்டுவதாகச் சொன்னார். முதலில் வாய்விட்டுச் சொன்னது நானல்லவா என்று அத்திம்பேர் முறுக்கிக்கொண்டார். நான் கட்டுகிறேன் என்றேன். அப்போது மட்டும் இருவரும் ஒன்று சேர்ந்து, நேற்றுப் பிறந்தவன் என்று என்னை உட்கார வைத்தார்கள். எல்லோரும் பங்கு போடலாம் என்று யாரோ சொன்னதற்கு, "பங்கு போட இது என்ன சீட்டா?" என்று பதில் வந்தது. அதைத் தவிர அவர்கள் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான்: கம்பெனிக்காரன் அயோக்கியன்.

ஆலை கேன்டீனில் என்னோடு வேலை செய்யும் புதுவாயல்கார நண்பரிடம் சொல்லிப் புலம்பினேன். கிறிஸ்தவர், அவர்கள் ஜெபக் கூட்டமும் இதே செல்போன் வழிதான் நடந்துகொண்டிருந்தது.

"இன்னா சாமி, இதுக்குப் போயி இவ்ளோ பேஜாரா? எங்க கூட்டத்துக்கு யாரோ கட்டிக்கினு கீறாங்கோ. யாருன்னு எங்களுக்கே தெரியாது."

டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அதற்குள் கோயிலில் கோஷ்டி மறுபடி கூடத் தொடங்கியது. ஆண்களுக்குத் திரும்பிப் போக இடம் இருந்தது, போய்விட்டார்கள். செல்போன் கோஷ்டி முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா மட்டும் சில நாட்கள் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாம் இருவரும் சேவிக்கலாமே என்றேன்.

"சேவிக்கலாம். ஆனா அது ஆத்துக்குள்ள சேவிக்கறதுடா, கோஷ்டி ஆகாது" என்றாள்.

போன உற்சவத்துக்கு அவளை அழைத்துப்போனேன். அன்று நான் கோஷ்டியில் உட்காராமல் அவள் பக்கத்திலேயே நின்றேன். பெரியப்பா முன்வரிசையில் இருந்தார். பாசுரத்தின் முதல் அடி எடுத்ததும் பெண்கள் நடுவிலிருந்து, பாதி வார்த்தை பின்தங்கி, ஓங்கி ஒரு குரல் சேர்ந்துகொண்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெரியப்பாவும் திரும்பினார். தினமும் கேட்ட குரல், அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு கணம் பார்த்தார். பிறகு முன்பக்கம் திரும்பிச் சேவிப்பைத் தொடர்ந்தார். அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பழக்க தோஷம்டா, வாயைத் திறந்துட்டேன்" என்றாள் வீட்டுக்கு வரும் வழியில். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரிக்கவும் செய்தாள்.

இப்போதெல்லாம் கோயிலில் அவள் உதடுகூட அசைவதில்லை.