ஜலீல் மச்சானின் காது

தெற்குமாசி வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில், என் பெல்ட் கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது ஜலீல் மச்சானின் ஆம்ப்ளிஃபயர் கடை. என் அக்கா சபுராவைக் கட்டியவர். மீட்டர் வைத்திருக்கிறார், ஆனால் அதன்மேல் டீ கிளாஸ்தான் இருக்கும். எந்த செட்டானாலும் காதால் கேட்டுத்தான் சரிபார்ப்பார். வாடிப்பட்டியிலிருந்து வண்டியூர் வரை மைக் செட் போடுகிறவர்கள் அந்தக் காதை நம்பித்தான் அவரிடம் வருகிறார்கள்.

திருவிழாவுக்குப் போகிற குழாய் ஸ்பீக்கரை வாசலில் வைத்து, முழுச் சத்தத்தில் விட்டு, அதன் வாய்க்கு நேரே தலையைக் கொடுத்து நிற்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான். நான் ஷட்டரை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

போன மாதம் அழகுபாண்டி வந்தான். கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசிப்பவன். நெட்டில் எடுத்த சர்க்யூட் படத்தைக் காட்டி, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி வால்வு போட்ட கிட்டார் ஆம்ப்ளிஃபயர் செய்து தரச் சொன்னான். மச்சானுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

செய்து முடித்ததும் எனக்கு நன்றாகத்தான் கேட்டது. அவர் முகம் சுளித்தார்.

“என்னடா இது, சாக்கப் போட்டு மூடுனாப்புல இருக்கு!”

படத்தில் 022 என்று இருந்த கண்டென்சரைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்று போட்டார். சின்னது போட்டால் கனத்த சத்தம் வடிந்து கூர்மை ஏறுமாம். மறுநாள் அதைவிடச் சின்னது. அப்புறம், கூர்மை இன்னும் ஏறட்டும் என்று வால்யூம் குமிழிலும் ஒன்றைச் சேர்த்து ஈயம் வைத்துப் பத்தவைத்தார். படம் வரைந்தவனைத் திட்டிக்கொண்டேதான் எல்லாம் நடந்தது. எனக்குக் காதில் ஊசி ஏற்றுவது போலிருந்தது. சொன்னால், “பெல்ட் விக்கிறவனுக்கு என்னடா தெரியும்?” என்பார். அவரிடம் யார் வாயைக் கொடுப்பது?

அழகுபாண்டி வாங்க வந்தான். இரண்டு மீட்டு மீட்டியதுமே பல்லைக் கடித்தான். “புதுசா இருக்குண்ணே” என்று மென்று விழுங்கினான். மச்சான் உற்சாகமாகி வால்யூமைக் கூட்டினார்.

யாரும் கிட்டார் கம்பியைத் தொடவில்லை. செட்டு தானாகவே விசிலடிக்க ஆரம்பித்தது. நான் காதைப் பொத்தினேன். அழகுபாண்டி கிட்டாரோடு வாசலுக்கு ஓடினான். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து சத்தம் போட்டார். மச்சான் மட்டும் குமிழில் கைவைத்தபடி அப்படியே நின்றார்.

“ஏம்ப்பா, என்னாச்சு?”

“விசிலடிக்குதுண்ணே! அமத்துங்க!” என்று கத்தினான் அழகுபாண்டி.

“எங்க அடிக்குது?”

நாங்கள் விளையாடுவதாகத்தான் முதலில் நினைத்தார். குனிந்து ஸ்பீக்கரில் ஒரு காதை ஒட்டவைத்தார், பிறகு அடுத்த காதை. குமிழைக் குறைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். கூட்டிவிட்டு மறுபடி பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் பேசுவது கேட்கிற அந்த மனுசன் காதில், அந்தக் கூர்மையான சத்தம் மட்டும் விழவே இல்லை.

செட்டை அணைத்தார். தான் போட்டதையெல்லாம் பிடுங்கிவிட்டு, படத்தில் இருந்த 022-ஐயே பத்தவைத்தார். அழகுபாண்டி மறுபடி மீட்டினான். விசில் போய்விட்டது.

“இதுதாண்ணே! இதத்தாண்ணே கேட்டேன்!” என்று மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் சந்தோசம் அவனுக்கு. மச்சான் “ம்” என்றார்.

அவன் போனதும், “டாக்டர்ட்ட போவோம் மச்சான். காதுக்கு மிஷின் வச்சுக்கிடலாம்” என்றேன்.

“காதுல மிஷின மாட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா எவன்டா செட்டக் கொண்டாருவான்?”

அவர் சொன்னது நிஜம்தானே.

“ஒங்கக்காட்ட சொல்லிராத மாப்ள. இனிமே நா குமிழத் திருப்பும்போது நீ எதுக்க வந்து நில்லு. வாயத் தொறக்க வேணாம். ஒம் மூஞ்சியப் பாத்துக்கிறேன்.”

சரி என்றேன். வேறென்ன செய்ய?

நேற்று கீழக்குயில்குடியிலிருந்து ஒரு செட்டு வந்தது. எதிரே போய் நின்றேன். மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு குமிழைத் திருப்பினார். அந்தச் சத்தத்தில் எனக்கு நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. பாவமாக இருந்ததால் சிரித்து வைத்தேன். அவர் குமிழை அங்கேயே நிறுத்திவிட்டார்.