எல்லா வோல்ற்றும் சரி, கணினி மட்டும் இல்லை

போன புதன்கிழமை அளவெட்டியில் திருத்தப் போன ஒரு கணினியின் முன்னால் நான்கு மணித்தியாலம் இருந்தேன். அதில் மூன்று மணித்தியாலம் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

கணினி சுமதி அக்காவுடையது. அவரது அப்பா காலமாகி வெள்ளிக்கிழமையோடு முப்பத்தொரு நாள். அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டை, அதாவது நினைவுப் புத்தகத்தை, தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, படங்கள் என்று நாற்பது பக்கம், அக்காவே மூன்று கிழமையாக இருந்து செய்திருந்தார். புதன் நான்கு மணிக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போகவேண்டும். தவறினால் வெள்ளிக்கிழமை வெறுங்கைதான். காலையில் கணினி செத்து... வேண்டாம், அந்த வீட்டில் அந்தச் சொல் வேண்டாம். நின்றுவிட்டது.

டிஸ்க்கைக் கழற்றி என் லப்டொப்பில் போட்டுப் பார்த்தேன். கோப்பு பத்திரமாக இருந்தது. திறந்தால் பக்கமெல்லாம் கட்டம் கட்டமாக! பழைய மென்பொருள், பழைய எழுத்துரு; இரண்டும் என் லப்டொப்பில் இல்லை. ஆகவே அந்தக் கணினியையே எழுப்பவேண்டும்.

சந்தேகம் பவர் சப்ளை மேல். சோதிக்க எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிளக்கைக் கழற்று. காப்பு, மோதிரத்தைக் கழற்று. மதர்போர்ட்டுக்குப் போகும் பெரிய இணைப்பியை இழுத்தெடு. அதில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணை. அதற்குப் பிறகுதான் பிளக். மீற்றரின் கறுப்பு முனை கறுப்பு வயரில், சிவப்பு முனை மற்ற நிறங்களில். சப்ளையின் இரும்புப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அது ஆள் பார்த்து அடிக்காது.

மஞ்சள் 12.08. சிவப்பு 5.03. செம்மஞ்சள் 3.31. ஐந்து வீதம் கூடிக் குறையலாம் என்பார்கள்; இது ஒரு வீதம்கூட இல்லை. பாடப்புத்தகத்தில் போடலாம்.

திரும்பப் பொருத்தினேன். கணினியின் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது.

மறுபடி கழற்றினேன். மறுபடி எல்லாம் சரி. மறுபடி பொருத்தினேன். அரைச் சுற்று. நான் கொண்டுபோன இன்னொரு பழைய சப்ளையை மாட்டினேன். அதற்கும் அதே அரைச் சுற்று. இரண்டும் ஒரே நாளில் பழுதாகுமா? அல்லது மதர்போர்ட்டா? அல்லது... நானா?

ஒன்றரை மணிக்குக் கணினி எழும்பியது. நீ கைவைத்தால் சரிவரும் என்று தெரியும் என்றார் அக்கா. நான் பட்டனை அமர்த்தியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. கோப்புக்கு மௌஸ் போகுமுன் அணைந்தது. அக்கா தேத்தண்ணீர் வைக்கப் போனார். அதைவிட என்னை ஏசியிருக்கலாம்.

மூன்று மணி. தலைக்கு மேலே சுற்றிய விசிறியைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கைகளை எண்ணலாம் போலிருந்தது.

"இது எப்பவும் இப்பிடியோ அக்கா?"

"பக்கத்துத் தோட்டத்திலை மோட்டர் ஓடினா உப்பிடித்தான்."

சுவர் பிளக்கை நான் அளக்கவே இல்லை! மீற்றரை ஏசி வோல்ற்று 750-க்குத் திருப்பி, முனைகளில் விரல் படாமல் பிடித்தேன். 162. இருக்கவேண்டியது 230. சும்மா இருந்தவரை சப்ளை எப்படியோ சமாளித்துப் பன்னிரண்டு காட்டியிருக்கிறது. வேலை கொடுத்ததும் மயங்கிவிட்டது. வேலை தராதவரை நாங்களும் நூற்றுக்கு நூறுதானே? ஒன்றரை மணிக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் பைப் மாற்றுவதற்கு மோட்டரை நிற்பாட்டியிருப்பார்.

இப்போதும் நிற்பாட்டச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது.

தோட்டக்காரர் சிவபாதம், அக்காவின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டு வீட்டுக்கும் பங்குக் கிணறு. யாருக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம் இறைப்பு என்று பத்து வருடச் சண்டை. பேச்சுவார்த்தை இல்லை. செத்த வீட்டுக்கும் வந்து வெளிவாசல் படலையடியில் நின்றுவிட்டுப் போனவர். புதன்கிழமை அவருடைய முறை.

நான் போனேன். வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டுக்கொண்டிருந்தார். கல்வெட்டு, வோல்ற்றேஜ், நான்கு மணி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணித்தியாலம் போதும் என்றேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அந்தாள் உயிரோடை இருந்திருந்தா நிப்பாட்டியிருக்க மாட்டன், பிள்ளை."

போய் மோட்டரை நிற்பாட்டினார்.

221 வந்தது. போதும். கணினி எழும்பியது. மூன்று ஐம்பதுக்குக் கோப்பு போனது. கிடைத்துவிட்டதென்று அச்சகத்திலிருந்து அழைத்தும் சொன்னார்கள். தோட்டத்துக்குப் போய்ச் சொல்ல நான் செருப்பைத் தேடினேன். அதற்குள் அக்கா வேலியடிக்குப் போய்விட்டார். வேலிக் கிடுகைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"சித்தப்பா... முடிஞ்சுது. இனி இறையுங்கோ."

மோட்டர் ஓடத் தொடங்கியது. எனக்குப் பின்னால் கணினி அணைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.