ஒன்பது பெயர்களை மைக்கில் வாசித்த காலை

லோஷினியைக் காணவில்லை என்று எனக்குத் தெரியவந்தபோது மணி காலை ஒன்பது. அவளை ஓட வைத்ததே நான்தான் என்று புரிய இன்னும் ஐந்து நிமிடம் ஆனது.

மலேசியாவில், கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளி. நான் அங்கே கவுன்சலிங் டீச்சர், பெயர் ஸ்டெல்லா. முன்பு புவியியல் எடுத்துக்கொண்டிருந்தவள், பிறகு படித்து இந்த வேலைக்கு மாறினேன். இப்போது ஓய்வு பெற்று பிரிக்பீல்ட்ஸில் தங்கை வீட்டில் இருக்கிறேன். புதிதாக இந்தப் பணிக்கு வருகிற பிள்ளைகள் சிலர் போன் போட்டு, "டீச்சர், ஏதாச்சும் டிப்ஸ் குடுங்க" என்பார்கள். டிப்ஸ் என்னிடம் கிடையாது. ஒரு தப்பு இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

1. நான் செய்த சத்தியம்

எங்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களின் மனநிலையை அறிய ஒரு பாரம், அதாவது கேள்வித்தாள், கொடுப்போம். தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா, இப்படிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம், ஒன்றில் டிக் போட வேண்டும். புள்ளி அதிகமாக வந்தால் கவுன்சலர் அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் பெற்றோரிடம் சொல்லி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். விதிமுறை அதுதான்.

பிரச்சினை என்னவென்றால், பிள்ளைகள் உண்மையை எழுத மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டு கேன்டீனுக்கு ஓடிவிடுவார்கள். அந்த வருடம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வகுப்பு வகுப்பாகப் போய் மூன்று மொழியிலும் சத்தியம் செய்தேன். "இது ரகசியம். எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான். அம்மா, அப்பா, பிரின்சிபல், யாருக்கும் போகாது."

சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். நல்லதுக்குத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சத்தியம் நன்றாகவே வேலை செய்தது. பதினாறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பான படிவம் நான்கில் மட்டும் ஒன்பது பாரங்கள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தன.

2. மைக்

ஒன்பது பேரையும் ஒரே நாளில் பார்த்து முடித்தாக வேண்டும், வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போக வேண்டும். வழக்கமாக நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி, வகுப்பு வாசலில் நின்று பாடம் எடுக்கும் ஆசிரியரிடம் காதோடு சொல்லிக் கூட்டி வருவேன். நான்கு கட்டடம், மூன்று மாடி. எனக்கோ முட்டி வலி.

ஆபீஸ் கிளார்க் பரமேஸ் நல்ல மனசுக்காரி. "ஏன் டீச்சர் படி ஏறி எறங்குறீங்க? லிஸ்ட்டக் குடுங்க லா. மைக்ல கூப்புட்டா ரெண்டு நிமிஷத்துல எல்லாம் வந்துருவாங்க" என்றார்.

கொடுத்துவிட்டேன். அதற்கு முன்புதான் டிசிப்ளின் டீச்சர், முடி வெட்டாத பையன்களின் பெயரை வாசித்து முடித்திருந்தார். அந்தச் சூட்டோடு பரமேஸ் என் ஒன்பது பெயர்களையும் வகுப்போடு வாசித்து, "உடனே கவுன்சலிங் ரூமுக்கு வரவும்" என்று மலாயில் முடித்தார். திங்கட்கிழமை பாரம் எழுதிய பள்ளி அது. புதன்கிழமை ஒன்பது பேரைக் கூப்பிட்டால் எதற்கென்று தெரியாதவர் யார்?

எட்டுப் பேர் வந்தார்கள். ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டேன். எட்டுப் பேரும் ஏறக்குறைய ஒரே பதில். "நான் ஓகேதான் டீச்சர். ஃபன்னுக்கு டிக் பண்ணேன்." ஒருவர்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வேலை சீக்கிரம் முடிகிறதே!

ஒன்பதாவது ஆள் வரவில்லை. வகுப்புக்குப் போனேன். லோஷினியின் நாற்காலியில் பை இருந்தது, மேசையில் பென்சில் பெட்டி திறந்து கிடந்தது.

பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து நின்றாள். "பேர் கூப்புட்டதும் பசங்க 'மென்டல் லிஸ்ட், மென்டல் லிஸ்ட்'னு சிரிச்சாங்க டீச்சர். அவ டாய்லெட் போறேன்னு போனா. இன்னும் வரல."

அறைக்குத் திரும்பி அவளுடைய பாரத்தை எடுத்தேன். திங்கட்கிழமை புள்ளியை மட்டும் கூட்டிப் போட்டிருந்தேன், ஓரத்தைப் பார்க்கவில்லை. உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு 'தினமும்' என்ற கட்டத்தில் டிக். அதன் பக்கத்தில் பென்சிலால், தமிழில், சின்ன எழுத்தில்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே டீச்சர்?"

பாரத்தைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடினேன்.

அடுத்த இரண்டரை மணி நேரத்தை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. கழிப்பறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒவ்வொரு கதவைத் தள்ளுமுன்னும் கண்ணை மூடிக்கொண்டேன். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. லேப், நூலகம், ஸ்டோர், கேன்டீன் பின்பக்கம். முட்டி வலித்ததா என்றே நினைவில்லை. கேட்டில் காவல் நிற்கும் ஜாகா யாரையும் வெளியே விடவில்லை என்று அடித்துச் சொன்னார். ஆனால் கேன்டீனுக்கு ஐஸ் லோரி வரும்போது பின்கேட்டைத் திறந்து வைத்திருந்தார்களாம். பிரின்சிபல் போலீசுக்குச் சொன்னார். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிற அவளுடைய அப்பாவுக்குப் போன் போட வேண்டியவள் நான். "உங்க மகளைக் காணோம்" என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் லோரி எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

3. பஸ்ஸின் கடைசி சீட்

பதினொன்றரைக்குப் பள்ளி வாசலில் ஒரு மஞ்சள் பஸ் வந்து நின்று விடாமல் ஹார்ன் அடித்தது. பள்ளி பஸ் ஓட்டுகிற மணியம் அங்கிள்.

"எத்தன தடவ டீச்சர் ஆபீசுக்கு அடிக்கிறது? லைன் கெடைக்கவே இல்ல!" என்று கத்தினார். கிடைக்காதுதான். இருந்த இரண்டு லைனிலும் நாங்கள் அவளைத் தேடிப் போன் போட்டுக்கொண்டிருந்தோம்.

காலையில் அவர் எதிர்க்கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தபோது லோஷினி பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். காய்ச்சல், வீட்டுக்குப் போகலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார் என்றாளாம். "பாலர் பள்ளி டிரிப்பை முடிச்சிட்டு விடுறேன்மா, பின்னால படுத்துக்கோ" என்று அவளை ஏற்றிக்கொண்டு கிள்ளான் முழுக்கச் சுற்றியிருக்கிறார். இடையில் ஒரு மைலோவும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். டிரிப் முடிந்து போனைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது.

பஸ்ஸில் ஏறினேன். கடைசி சீட்டில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருந்தாள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் கிட்டே போகத் துணிவு வரவில்லை. இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தேன்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான்.

"ஆமாம்மா. சொன்னேன். சொன்னது தப்பு. மைக்ல கூப்புட்டது அதவிடப் பெரிய தப்பு."

பிறகு அவளே சொன்னாள். அவள் அம்மாவுக்கு மனநிலை சரியில்லாமல் போய் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசி, அம்மா இப்போது கேரி தீவில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். லோஷினியின் பெரியப்பா மகன் பக்கத்து வகுப்பில் படிக்கிறான். மைக்கில் பெயர் வந்ததும் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் வீட்டில் எல்லோரும் 'இவளும் அம்மா மாதிரியே' என்று சொல்லப் போகிறார்கள்.

"எங்க போகலாம்னு நெனச்சே?" என்று கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது. ஆனால் நேராகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"தெரியல டீச்சர். இந்த பஸ் இல்லன்னா..." என்று நிறுத்திவிட்டாள்.

நான் அவளிடம் சொன்னேன்: "அப்பாகிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். இதுல இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். ஆனா என்ன சொல்லப் போறேன்னு மொதல்ல ஒங்கிட்ட சொல்றேன். எந்த வார்த்தை வேணாமோ சொல்லு, எடுத்துடலாம்."

"அம்மா மாதிரின்னு மட்டும் வேணாம்."

மணியம் அங்கிளிடம் பேப்பர் வாங்கி நான்கு வரி எழுதினோம். ஒரு வரியை அவளே அடித்துவிட்டு வேறு எழுதினாள்.

அப்பா துறைமுகத்திலிருந்து யாருடைய மோட்டார் சைக்கிளிலோ வந்து இறங்கினார், பாதுகாப்பு வெஸ்ட்டைக்கூடக் கழற்றவில்லை. என் அறையில் அவள் பக்கத்தில் உட்கார வைத்து அந்த நான்கு வரியை வாசித்தேன். லோஷினி ரொம்ப நாளா தூங்கல. உயிரோட இருக்க வேணாம்னு அவளுக்குத் தோணுது. அப்பா என்ன சொல்வாரோன்னு பயமா இருக்கு. டாக்டரைப் பார்க்கணும்.

திட்டப் போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். அந்த மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ அம்மாவ நான் லேட்டாதான் கூட்டிட்டுப் போனேன் டீச்சர். மந்திரம், தாயத்துன்னு ஒரு வருஷத்த ஓட்டிட்டேன். இவள இப்பவே கூட்டிட்டுப் போறேன். எங்க போவணும்னு மட்டும் சொல்லுங்க."

நானும் கூடப் போனேன். வைத்தியம் நீண்டது, ஆனால் அவள் படிப்பை விடவில்லை.

4. சுத்தமான ரிப்போர்ட்

மறுவருடம் அதே பிள்ளைகள் படிவம் ஐந்துக்கு வந்தார்கள். மறுபடியும் பாரம் கொடுத்தேன். ஒருவர்கூடச் சிவப்புக் கோட்டைத் தாண்டவில்லை. பிரின்சிபல் ரிப்போர்ட்டைப் பார்த்து, "பாகுஸ், சிக்கு! ரொம்ப நல்லது டீச்சர், உங்க உழைப்புக்குப் பலன்" என்று மலாயில் பாராட்டினார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கழிப்பறைக் கதவுகளைத் தள்ளிய அன்றைக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. அன்று ஒரு பிள்ளையைக் காணவில்லை, இன்று அத்தனை பேரையும் காணவில்லை. இந்த டீச்சரிடம் உண்மையை எழுதினால் மைக்கில் பெயர் வரும் என்று படித்துக்கொண்டுவிட்டார்கள். சொல்லிக்கொடுத்தது நான்.

மறுநாள் படிவம் ஐந்து வகுப்புகள் எல்லாவற்றுக்கும் போனேன். "போன வருஷம் ஒங்ககிட்ட பொய் சொன்னேன். எல்லாத்தையும் ரகசியமா வைக்க என்னால முடியாது. உயிருக்கு ஆபத்துன்னா வெளிய சொல்லித்தான் ஆவேன். ஆனா ஒங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். பேர மைக்ல கூப்புடவும் மாட்டேன்." சில பையன்கள் சிரித்தார்கள். பலர் தலையே தூக்கவில்லை. வேலைக்கு வரும் இளையவர்களே, நிறைவேற்ற முடியாத சத்தியத்தைப் பிள்ளைகளிடம் செய்யாதீர்கள். ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் தூங்கிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று ஓய்வு நேரத்தில் தலைமை மாணவி கதவைத் தட்டினாள். கழுத்தில் டை, சட்டையில் பேட்ஜ், எப்போதும் முதல் வரிசை. எந்த வருடமும் எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் வந்ததில்லை. சபைக்கூட்ட விஷயமாக வந்திருப்பாள் என்று நினைத்து, "என்னம்மா?" என்றேன்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "டீச்சர், நான் எழுதுன பாரத்தக் கிழிச்சிட்டு வேற ஒண்ணு குடுக்கறீங்களா?"