மணல்திட்டில் ஒரு ஞானஸ்நானம்

மூலக்குளத்தில் எங்கள் சபை ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் கூடியது. பெரியப்பாதான் பாஸ்டர். ஆண்கள் நாற்காலியிலும் பெண்கள் பாயிலும் உட்காருவார்கள். பரலோகத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைக்க பெங்களூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, வேதாகமக் கல்லூரியில் படித்து முடித்திருந்தாள். வந்ததும் சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்தார்கள். கடவுள் தம்மைத் தாயோடும் ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார், இயேசு உயிர்த்த செய்தியை முதலில் சொல்லப் போனவள் ஒரு பெண் என்றெல்லாம் சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகச் சொல்வாள். பெரியப்பா அவசரமாக மோரை ஊற்றிக்கொள்வார்.

"அதெல்லாம் உலகத்துப் புத்தகம் சொல்லிக் குடுக்குற பேச்சு."

"வேதத்த நான் தள்ளலண்ணே. முழுசாப் படிங்கன்னுதான் சொல்றேன்."

அந்த வருஷம் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்கா ஒருத்தியும் இருந்தாள். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், எங்க வூட்டுக்காரரு குடிச்சிட்டு வந்தா தொட்டித் தண்ணிலதான் என் தலைய அமுக்குவாரு. பாஸ்டரய்யா நல்லவருதான். ஆனா ஆம்பள கை தலைல பட்டுத் தண்ணிக்குள்ள போவ என்னால முடியாது. ஞானஸ்நானத்த நீங்க குடுங்க."

அத்தை பெரியப்பாவிடம் கேட்டாள். வேதத்தில் அதற்கு இடமில்லை என்றார். சபையில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்றார். கடைசியில், "ஜெபிச்சுக்கலாம், கர்த்தர் தைரியம் குடுப்பாரு" என்று முடித்துவிட்டார்.

ஞாயிறு விடியலில் நோணாங்குப்பத்திலிருந்து கழிமுகத்து மணல்திட்டுக்குப் படகில் போனோம். மூடுபனி தண்ணீர்மேல் படுத்திருந்தது. எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்ததால் பனி எங்கே முடிகிறது, ஆட்கள் எங்கே தொடங்குகிறார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை. நகர்வது படகா கரையா என்று தெரியாமல் நான் அம்மா மடியில் கிடந்தேன். அவர்கள் பாடிய பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

மணல்திட்டில் இறங்கி, ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் போனார்கள். மீன்கார அக்காவின் முறை வந்தது. இடுப்பளவு நீரில் நின்றாள். பெரியப்பாவின் கை தலையில் பட்டதுமே சட்டென விலகினாள். தானாகவே திரும்பி வந்தாள். மறுபடியும் விலகினாள்.

"கோவிச்சுக்காதீங்க பாஸ்டரய்யா. ஆண்டவரு மேல எனக்கு சந்தேகமில்ல. இந்த ஒடம்புதான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

கரையில் பாட்டு நின்றுபோனது. பெரியப்பா தன் ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் அத்தையைக் கூப்பிட்டார்.

"நீ வாம்மா. வார்த்தைய நான் சொல்றேன். கைய நீ வை."

அத்தை சேலையோடு இறங்கினாள். அக்கா அவள் கையில் சாய்ந்து, தூக்கத்தில் புரளும் பிள்ளைபோல நீருக்குள் போய், சிரித்துக்கொண்டே எழுந்தாள். பெரியப்பா சொன்ன வார்த்தைகளை அத்தையின் உதடுகளும் சேர்ந்து சொல்லின. பெரியப்பா அதைக் கவனித்தார். கவனிக்காததுபோல் வானத்தைப் பார்த்தார்.

சபை வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தில் பெரியப்பா மட்டும்தான் இருந்தார். அப்படியும் சில குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. அத்தையிடமிருந்து ஞாயிறு பள்ளியை வாங்கிக்கொண்டார்கள். அவள் பெங்களூருக்கே திரும்பிப் போனாள். இப்போது அங்கே சின்னதாக ஒரு சபையை நடத்துகிறாள். மீன்கார அக்கா மட்டும் எதுவும் நடக்காததுபோல் மூலக்குளத்துப் பாயில் முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா வேறு மதத்திலிருந்து அப்பாவை விரும்பி வந்தவள். கல்யாணத்துக்கு முன்பு, சம்மதமா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவளை இதே தண்ணீரில் முழுக்கி எடுத்தார்கள் என்பது அந்த ஞாயிறன்று எனக்குத் தெரியாது.

அன்று திரும்பும் படகில் அம்மா விளிம்போரம் சாய்ந்து தண்ணீரை அள்ளினாள். அத்தையின் உள்ளங்கையில் அதை ஊற்றிவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். அத்தை அந்தக் கையை அம்மாவின் உச்சியில் வைத்தாள்.

பனி விலகி வெயில் ஏறியிருந்தது. அம்மாவுக்குத் தலை சுடுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, நானும் இரண்டு கையாலும் அள்ளி அவள் தலையில் ஊற்றினேன்.

"போதுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.